மயக்க மருத்துவர் எழுதிய நிரல்

(மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வு இது. எனவே கணினியிலிருந்து தொடங்காமல் ஓர் அறுவை அரங்கிலிருந்து தொடங்குகிறேன். அறுவை சிகிச்சையில் கத்தியைப் பிடிப்பவரை எல்லோருக்கும் தெரியும். நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, அவருடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டிருக்கும் மயக்க மருத்துவரைப் பலருக்கும் தெரியாது. நோயாளி கண் விழிக்கும்போது அவர் அங்கே இருப்பார். ஆனால் நோயாளியின் நினைவில் இருக்க மாட்டார்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த கான் கொலிவாஸ் அப்படிப்பட்ட ஒரு மயக்க மருத்துவர். கணினி அறிவியலைக் கல்லூரியில் படித்தவர் அல்ல. சி மொழியை எந்த வகுப்பிலும் கற்றவர் அல்ல. ஆனால் உலகின் மிகச் சிக்கலான மென்பொருள்களில் ஒன்றான லினக்ஸ் கெர்னலின் இதயப் பகுதியில் கை வைத்தவர். அங்கே பாராட்டும் பெற்றார், புறக்கணிப்பும் பெற்றார். இரண்டையும் சேர்த்துத்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். பாராட்டை மட்டும் சொன்னால் அது சாதனையாளர் கதையாக முடிந்துவிடும். புறக்கணிப்பில்தான் ஆசிரியர்களாகிய நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. வேறு தொழிலில் இருக்கும் ஒருவர் கெர்னலுக்குள் நுழைய முடிந்தது எப்படி? கதவு திறந்திருந்தது என்பதே பதில். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்வைத்த கருத்து எளிமையானது. மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு அதை எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், அது எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்க்கவும், தேவைக்கேற்ப மாற்றவும், பிறரோடு பகிரவும் உரிமை வேண்டும். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அடுத்த ஆண்டே குனு பொது உரிமத்தின் கீழ் வந்தது. நம் மேல்நிலை வகுப்புப் பாடநூலில் உபுண்டு பற்றிப் படிக்கும் மாணவர், அதன் அடியில் இருக்கும் கெர்னலின் மூலநிரலை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் தரவிறக்கிப் படிக்கலாம். இந்த உரிமையை நாம் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். அதை உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஒருவர்தான் கொலிவாஸ்.

அவரை இழுத்தது பெரிய இலட்சியம் எதுவும் இல்லை, ஓர் எரிச்சல்தான். வீட்டுக் கணினியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்த்தால் பாட்டு விக்குகிறது. சுட்டியை நகர்த்தினால் ஒரு கணம் தாமதித்து நகர்கிறது. விலையும் வேகமும் கூடிய கணினி வாங்கினாலும் அந்த விக்கல் போகவில்லை. அக்காலத்தில் கெர்னலை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள். அந்த நிறுவனங்களுக்குச் சேவையகங்கள்தான் முக்கியம். ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு வேலை முடிகிறது என்பதே அவர்களின் கணக்கு. மேசை முன் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் எத்தனை மில்லிநொடி காத்திருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை.

கொலிவாஸ் கற்றுக்கொண்ட வரிசையைக் கவனியுங்கள். அவர் முதல் நாளே நிரல் எழுத உட்காரவில்லை. மற்றவர்கள் எழுதி வெளியிட்டிருந்த திருத்தங்களை, அதாவது பேட்ச்களை, ஒன்றாகச் சேர்த்துத் தன் கணினியில் பொருத்திப் பார்த்தார். இரண்டு திருத்தங்கள் ஒன்றோடொன்று மோதும். மோதும் இடத்தைச் சரிசெய்ய அந்த வரிகளைப் படித்தாக வேண்டும். அப்படிப் படித்துத்தான் அவருக்கு சி மொழி வந்தது. சேர்த்த தொகுப்பை மற்றவர்களுக்கும் கொடுத்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் அது 'சி.கே.' தொகுப்பு என்று பெயர் பெற்றது. பயன்படுத்தியவர்கள் குறைகளை எழுதினார்கள். குறைகளைத் தீர்க்க இன்னும் ஆழமாகப் படித்தார். சேர்த்தல், பிறகு திருத்தல், அதன் பிறகே சொந்தமாக எழுதுதல். நாமோ முதல் வகுப்பிலேயே வெற்றுத் திரையைக் காட்டி, 'நிரல் எழுது' என்கிறோம். பிறர் எழுதிய நல்ல நிரலைப் படிக்க வைப்பதற்கு நம் பாடவேளையில் இடமே இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. 'கணினி விக்குகிறது' என்று சொன்னால் வல்லுநர்கள் ஏற்பார்களா? 'உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது' என்பார்கள். எனவே 2002இல் 'கான்டெஸ்ட்' என்ற அளவீட்டு நிரலை உருவாக்கினார். அதன் முறை மிக எளிது. ஒரு பெரிய வேலையைக் கணினிக்குக் கொடுத்து, அது முடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. பிறகு பின்னணியில் வட்டில் எழுதுவது, நினைவகத்தை நிரப்புவது போன்ற சுமைகளை ஏற்றி, அதே வேலைக்கு இப்போது எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. வேறுபாடு எண்ணாகக் கிடைத்துவிடும். எண்ணைக் காட்டியதும் வல்லுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, வேலை முடியும் நேரம் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு என்று உணர்ந்து, ஒலி, காட்சி போன்றவை சுமையின் கீழ் எவ்வளவு தாமதமாகின்றன என்பதை அளக்க 'இன்டர்பெஞ்ச்' என்ற இன்னொரு நிரலையும் எழுதினார். நோயாளி 'என்னவோ செய்கிறது' என்று சொல்வதை நாடித்துடிப்பின் எண்ணாக மாற்றிப் பார்ப்பது மருத்துவரின் அன்றாடப் பழக்கம். அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆய்வகத்தில் என்னிடம் வந்தான். 'சார், எட்டாவது கம்ப்யூட்டர் மட்டும் லேட்டா ஓப்பன் ஆகுது. வாட்ச் வெச்சுப் பார்த்தேன்' என்று ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். வரிசையாக எண்கள் எழுதியிருந்தான். நான் அதைப் பார்க்கவில்லை. 'ரெக்கார்டு முடிச்சியா?' என்று கேட்டேன். முடிக்கவில்லை என்றான். 'முதல்ல அதை முடி' என்று அனுப்பிவிட்டேன். அவன் மறுபடி எதையும் அளந்து கொண்டுவரவில்லை.

சரி, கொலிவாஸ் கை வைத்த அந்த இதயப் பகுதி எது? அதன் பெயர் ஷெட்யூலர். எந்த வேலைக்குச் செயலி எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வைக்கும் பகுதி. இதை உங்களுக்கு விளக்குவது எளிது. ஓராசிரியர் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அந்த ஆசிரியர்தான் செயலி. ஐந்தாம் வகுப்புக்கு நீண்ட கணக்கு நடத்த வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வேண்டியது அரை நிமிடம்தான். ஆனால் அந்த அரை நிமிடம் உடனே வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கே நேரம் முழுவதையும் கொடுத்தால் பாடம் அதிகம் முடியும், குழந்தை அழும். ஒவ்வொரு கணமும் வகுப்பு மாறிக்கொண்டிருந்தால் யாரும் அழ மாட்டார்கள்; கணக்கு முடியாது.

அன்றைய லினக்ஸ் ஷெட்யூலரை எழுதியவர் ஹங்கேரியைச் சேர்ந்த இங்கோ மோல்னார் என்ற தேர்ந்த நிரலர். யாருக்கு உடனடிக் கவனம் தேவை என்பதை அந்த ஷெட்யூலர் ஊகித்தது. 'அதிக நேரம் சும்மா காத்திருக்கும் வேலை, பயனரின் விசைத்தட்டலுக்காகக் காத்திருக்கும் வேலையாக இருக்கும். அதற்கு முன்னுரிமை கொடு' என்பது அதன் விதி. பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் ஊகம் தவறும்போது மோசமாகத் தவறும். பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு எழுந்து, ஆசிரியரின் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் மாணவனைப் போலச் சில நிரல்கள் நடந்துகொள்ளும். கொலிவாஸ் 2003இல் இந்த ஊகத்தையே சீராக்கும் திருத்தங்களை எழுதினார். 2.6 கெர்னலுக்காக அவை ஏற்கப்பட்டன. ஆனால் ஒரு குறையைத் திருத்தினால் இன்னொன்று முளைத்தது. அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊகத்தைச் சீராக்கிப் பயனில்லை, ஊகிப்பதையே விட்டுவிட வேண்டும்.

2004இல் 'படிக்கட்டு' என்று பொருள்படும் ஸ்டேர்கேஸ் ஷெட்யூலரை எழுதினார். 2007 மார்ச்சில் அதன் வளர்ந்த வடிவத்தை வெளியிட்டார். அப்போது அவர் கடுமையான கழுத்துப் பிரச்சினையால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த முறையில் ஊகமே கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு படியிலும் அளந்த நேரம். அதைச் செலவழித்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். எல்லோரும் தங்கள் பங்கை முடித்ததும் மீண்டும் மேலிருந்து தொடங்கும். கொஞ்ச நேரம் மட்டும் கேட்கும் வேலை மேல்படியிலேயே இருப்பதால், அதற்கு இயல்பாகவே உடனடிக் கவனம் கிடைக்கும். எந்த வேலையும் அதிகபட்சம் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சுருங்கச் சொன்னால், நேர்மையாகப் பங்கிட்டாலே போதும், சலுகை தேவையில்லை.

பயன்படுத்தியவர்கள் பலர் பாராட்டினார்கள். லினஸ் டோர்வால்ட்ஸே முதலில் இதைச் சேர்க்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். ஏப்ரல் மாதத்தில் நிலைமை மாறியது. நேர்மையான பங்கீடு என்ற அதே கருத்தை வேறு முறையில் செயல்படுத்தும் புதிய ஷெட்யூலர் ஒன்றை இங்கோ மோல்னார் வெளியிட்டார். முதல் வரி எழுதியதிலிருந்து வெளியிட்டது வரை 62 மணி நேரம்தான் ஆனது என்று அவரே எழுதினார். வெளியீட்டு அறிவிப்பில், நேர்மையான பங்கீடு சாத்தியம் என்பதை நிரூபித்தவர் கொலிவாஸ்தான் என்று பெயர் சொல்லிப் பெருமையும் கொடுத்தார். இறுதியில் மோல்னாரின் ஷெட்யூலர்தான் ஏற்கப்பட்டது. 2007 அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பில் அது இடம்பெற்றது. 2023இல் 6.6 பதிப்பு வரும்வரை, பதினாறு ஆண்டுகள், சேவையகங்கள் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் வரை அதுவே முறை வைத்தது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலும் அது ஓடியிருக்கும்.

இந்தக் கதையை 'படிக்காத மேதையைப் பெரியவர்கள் ஏமாற்றினார்கள்' என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. கொலிவாஸின் பக்கம் நியாயம் உண்டு. பல ஆண்டுகள் தனியாக ஒரு கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதற்குப் பெரிய ஆதரவு இல்லை. கருத்து வெல்லப் போகிறது என்ற நேரத்தில், உள்ளே இருக்கும் ஒருவர் மூன்று நாளில் எழுதியது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓய்வாக இருக்கும் கணினி, பயனர் திரும்பி வருவதற்குள் வட்டுக்குத் தள்ளப்பட்ட தகவல்களை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுவந்து வைக்கும் அவருடைய இன்னொரு திட்டமும் நீண்ட காலம் சோதனைக் கிளையில் காத்திருந்து, முதன்மைக் கெர்னலுக்குள் வராமலே போனது.

மறுபக்கமும் உண்டு. டோர்வால்ட்ஸ் தன் முடிவுக்கான காரணத்தை வெளிப்படையாகவே எழுதினார். நிரலின் தரம் மட்டும் போதாது. அதைப் பல ஆண்டுகள் பராமரிப்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் முக்கியம். யாராவது 'என் கணினியில் இது சரியாக இல்லை' என்று எழுதினால் கொலிவாஸ் அவர்களோடு வாதாடுகிறார். மோல்னார் குறையைத் தீர்க்க முனைகிறார் என்பது அவருடைய கருத்து. அது முற்றிலும் சரியா என்று அப்போதே பலர் சண்டையிட்டார்கள். நமக்கு அந்தத் தீர்ப்பு தேவையில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பயனரின் குறையை வல்லுநர்கள் கேட்கவில்லை என்று தொடங்கியவர் கொலிவாஸ். அவர் மீதே 'பயனரின் குறையைக் கேட்கவில்லை' என்ற குற்றச்சாட்டு வந்தது. கற்றவன், கல்லாதவன் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. நாம் பாடுபட்டுச் செய்ததைப் பற்றிக் குறை கேட்கும்போது எல்லோருக்கும் காது கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது. எனக்கு அன்று ஆய்வகத்தில் அடைத்ததைப் போல.

2007 ஜூலையில் கொலிவாஸ் கெர்னல் பணியிலிருந்து விலகினார். மருத்துவர் வேலை எப்போதும் போல இருந்தது. நிரலெழுதிச் சம்பளம் வாங்கியவர் அல்லவே அவர்! கதை இங்கே முடிந்திருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து, 2009 ஆகஸ்ட் இறுதியில், திரும்பி வந்தார். அந்த நேரத்தில் ஒரு கேலிச்சித்திரம் வந்திருந்தது. லினக்ஸ் இப்போது 4096 செயலிகளில் ஓடும் என்று ஒருவர் பெருமைப்படுகிறார். திரை முழுவதும் காணொளி விக்காமல் ஓடுமா என்று மற்றவர் கேட்கிறார். அது ஓடாது என்று பதில் வருகிறது. அதைப் பார்த்து மனம் நொந்துதான் மீண்டும் உட்கார்ந்ததாகக் கொலிவாஸ் எழுதியிருக்கிறார்.

இம்முறை அவர் எழுதியது பிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர். ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை வைக்காமல், எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து ஒரே வரிசை. தபால் நிலையத்தில் நான்கு சாளரங்களுக்கும் நான்கு வரிசை இருந்தால், நம் வரிசை மட்டும் நகராமல் நிற்கும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஒரே வரிசையாக நின்று, காலியான சாளரத்துக்குப் போனால் அந்தத் தொல்லை இல்லை. நானூறு சாளரங்கள் இருந்தால் இந்த முறை தாங்காது. அது அவருக்கும் தெரியும். பதினாறு செயலிகள் வரைக்கும்தான் இது பொருத்தம், வீட்டுக் கணினிக்காகத்தான் எழுதுகிறேன், முதன்மைக் கெர்னலில் சேர்க்கும்படி கேட்கப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். எது முடியும், எது முடியாது என்று தானே எல்லை வகுத்துச் சொல்வது முதிர்ச்சியின் அடையாளம். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிசிலினக்ஸ்ஓஎஸ் போன்ற சில வழங்கல்கள் அதையே இயல்பாகப் பொருத்தின. 2016இல் ஒற்றை வரிசையின் குறையைத் தீர்க்கும் அடுத்த வடிவத்தை எழுதினார்.

இங்கேதான் கட்டற்ற மென்பொருளின் உண்மையான மதிப்பு தெரிகிறது. முதன்மைக் கெர்னலில் இடம் கிடைக்காவிட்டாலும் அவருடைய வேலை அழியவில்லை. கதவைச் சாத்த யாராலும் முடியாது. தனியாக வெளியிட்டு, விரும்பியவருக்குக் கொடுத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதைத் தொடர முடிந்தது. ஒரு நிறுவனத்தின் மூடிய மென்பொருளாக இருந்திருந்தால், நிராகரித்த அன்றே அந்த நிரல் அலமாரிக்குள் போயிருக்கும்.

இடையில் வேறு வேலைகளும் செய்தார். பெரிய கோப்புகளைச் சுருக்கும் எல்ஆர்சிப் அவற்றில் ஒன்று. வழக்கமான சுருக்கு நிரல்கள் அருகருகே திரும்ப வருவதைத்தான் கவனிக்கும். முந்நூறு பக்கத்துக்கு முன்னால் வந்த பத்தி மறுபடி வந்தாலும் இது கண்டுகொள்ளும். ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதிய ஒரு நிரலின் மேல் கட்டியது அது. பிட்காயின் கணக்கிடப் பரவலாகப் பயன்பட்ட சிஜிமைனர் நிரலும் இன்னொருவரின் நிரலிலிருந்து கிளைத்ததுதான். முதல் நாள் மற்றவர்களின் திருத்தங்களைச் சேர்க்கத் தொடங்கியவர் கடைசி வரை அந்த வழியை விடவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது மருத்துவப் பணி அவரை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. நிரல் பின்னுக்குப் போனது. 2021 வாக்கில் சி.கே. தொகுப்பு நின்றது.

நண்பர்களே, இதிலிருந்து வகுப்பறைக்கு எடுத்துச்செல்ல மூன்று வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நிரலை எழுத வைப்பதற்கு முன் படிக்க வையுங்கள். பைத்தான் பாடம் நடத்தும்போது, வேலை செய்யும் ஒரு சிறு நிரலைக் கொடுத்து, 'இதில் ஒரே ஒரு வரியை மாற்று. என்ன ஆகிறது என்று எழுது' என்று கேளுங்கள். நிரலெழுத அஞ்சும் மாணவியும் ஒரு வரியை மாற்ற அஞ்ச மாட்டாள்.

இரண்டு, 'சரியில்லை' என்று சொல்லும் மாணவனை அளக்கச் சொல்லுங்கள். கடிகாரமும் ஒரு தாளும் போதும். அளந்து வந்தால் அந்தத் தாளைக் கட்டாயம் பாருங்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டாம்.

மூன்று, ஒரு மாணவர் தொடங்கிய யோசனையை இன்னொருவர் முடித்துப் பரிசு வாங்கினால், தொடங்கியவர் பெயரையும் அதே மேடையில் சொல்லுங்கள். அறிவியல் கண்காட்சியில் கோப்பை வாங்கும் அணியில், முதலில் யோசித்த பிள்ளை இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. மோல்னார் அறிவிப்பில் பெயர் சொன்னார். அதனால்தான் இன்றைக்கும் அது பதிவில் இருக்கிறது. பெயர் சொன்னாலும் காயம் முழுவதும் ஆறிவிடாது என்பதையும் பார்த்தோம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

எட்டாவது கணினியை அளந்து வந்தவன் படித்து முடித்துப் போய்விட்டான். அந்தக் கணினி ஏன் தாமதமானது என்று நான் பிறகும் பார்க்கவில்லை. நாளைக்கு உங்கள் ஆய்வகத்தில் வேறு யாராவது நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினால், தயவுசெய்து ரெக்கார்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.